மாடி அறையின் மேற்குச் சுவர்

அன்பு முத்துவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்று காலையில்தான் போனில் பேசினோம். கோயம்புத்தூரில் மழை தூறுகிறது என்றாய். கல்யாணப் பத்திரிகையில் உன் அப்பா பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று கேட்டாய். மதியத்துக்கு என்ன குழம்பு என்று கேட்டாய். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர. போனில் பேசினால் நீ நடுநடுவே ‘சரிம்மா, சரிம்மா’ என்பாய். அந்தச் சரிம்மா காதில் விழுந்ததும் எனக்குப் பேச்சு பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். இதை நீ மட்டும் படித்துவிட்டு மூடி வைத்துவிடாதே. நம் வீட்டுக்குச் சான்று கொடுத்தவர்களுக்குக் காட்டு. கண்டரமாணிக்கத்தில் உன்னை நம்பி வீடு கட்டச் சொல்லியிருக்கிற பன்னிரண்டு குடும்பங்களுக்கும் காட்டு. பெண் வீட்டாருக்கும் காட்டலாம். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னைக் கடைசிப் பக்கம் வரை தவிக்க விட எனக்கு மனசில்லை. மானகிரியில் நீ கட்டின நம் வீட்டுக்குப் போன மாதம் வந்ததே, வெயிலை உள்ளே விடாத, கரண்டு குறைவாகத் தின்கிற வீடு என்று ஒரு சான்று, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறாயே, அது நான் ஏமாற்றி வாங்கிக் கொடுத்தது. மாடி அறையின் மேற்குச் சுவர் நீ வரைந்து கொடுத்த மாதிரி இல்லை. அதைக் கெடுத்தது நான். கெட்டுப்போனது வெளியே தெரியாமல் ஒரு வருஷம் மறைத்ததும் நான்தான். அந்தத் தப்பு இப்போது கண்டரமாணிக்கம் வரைக்கும் போய்விட்டது. அங்கே பூச்சு வேலை ஆரம்பித்துவிட்டால் அப்புறம் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. அதற்குள் உனக்குத் தெரிய வேண்டும்.

உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாய். உன் அப்பா போனபோது உனக்கு இரண்டு வயது. அவருக்குப் பதிலாக எனக்கு மின் அலுவலகத்தில் ரீடிங் எடுக்கிற வேலை கொடுத்தார்கள். இருபத்தெட்டு வருஷம் காரைக்குடியில் தெருத் தெருவாக நடந்தேன். மற்றவர்களுக்கு ஒரு வீட்டைப் பார்த்தால் கோலமும் நிலைக்கதவும் கண்ணில் படும். எனக்கு முதலில் தெரிவது மீட்டர் பெட்டிதான், இன்றைக்கும் அப்படித்தான். ரீடிங் திடீரென்று ஏறியிருந்தால் சிங்கப்பூரிலிருந்து யாரோ லீவுக்கு வந்திருக்கிறார்கள் என்று தெரியும். திடீரென்று இறங்கியிருந்தால் கேட்கவே பயமாக இருக்கும். பள்ளிக்கூட லீவில் நீயும் கூட வருவாய். நான் எக்கிப் பார்த்து எண்ணைச் சொல்வேன், நீ நோட்டில் எழுதுவாய். ‘எழுதிக்கிட்டியா?’ என்றால் ‘எழுதிட்டேன்மா’ என்பாய். நீ எண் கற்றுக்கொண்டது வாய்ப்பாட்டிலா மீட்டரிலா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

உன் பெரிய மாமா கதையும் உனக்குத் தெரியும். கம்பத்திலிருந்து கொக்கி போட்டு மோட்டார் ஓட்டினார். என் லைனில் இருந்த வீடு. கூடப் பிறந்த அண்ணன். எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார். ‘ரெண்டு மாசம் கழிச்சு எழுதியிருந்தா உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு? உன் மகனுக்கு நாந்தான மடி குடுக்கணும்’ என்றார். அடுத்த மாதம் உனக்குக் காதுகுத்து. அவர் வரவில்லை. எங்கள் அலுவலகத்து லைன் இன்ஸ்பெக்டர் மடியில் உன்னை உட்கார வைத்துக் காது குத்தினோம். நீ வலியில் அழுதாய், நான் வேறு எதற்கோ அழுதேன். பிற்பாடு இந்தக் கதையை உனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் பெருமையாகத்தான். மீட்டர் காட்டியதைத்தான் எழுதுவேன் என்று முடிப்பேன். அந்த வாய்தான் இது.

இப்போது சுவர் கதைக்கு வருகிறேன். நீ சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, வெயிலை உள்ளே விடாத வீடு கட்டப் போகிறேன் என்று சொன்னபோது எனக்குப் பயம்தான் வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. முதல் வீடு நம் வீடாகவே இருக்கட்டும் என்றாய். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, இரண்டு வரிசைக்கு நடுவே இடைவெளி விட்டுக் கட்டுவது, அதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர் சொன்னாய். எனக்குப் புரிவதற்காக அடுப்படியிலிருந்து ஹாட்பாக்ஸை எடுத்து வந்து, ‘இதுலயும் ரெண்டு சுவருதாம்மா. நடுவுல இருக்கிற காத்துதான் சூட்டைத் தடுக்குது’ என்று தட்டிக் காட்டினாய். எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் நம்பவில்லை. புரிந்துகொண்ட முகத்தோடு நின்றதால் நான் நம்பிவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டாய்.

மாடிச் சுவர் ஆள் உயரத்துக்கு வந்திருந்தபோது நீ அந்தச் சான்று சம்பந்தமான பரீட்சைக்காகப் பத்து நாள் சென்னைக்குப் போனாய். அந்த நேரம் பார்த்து உன் தேவகோட்டை அத்தை வீடு பார்க்க வந்தாள். மேலே ஏறி, மேற்குச் சுவரை விரல் மடக்கி ஒரு தட்டுத் தட்டினாள். அப்புறம் காதை வைத்து இன்னொரு தட்டு.

“என்ன மதினி, கொடக்கு கொடக்குங்குது? உள்ள ஒண்ணுமே இல்லையா?”

“அது அப்படித்தானாம். சூடு இறங்காதாம்.”

“சூடு இறங்காதது இருக்கட்டும். நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரக வந்து இப்படி ஒரு தட்டுத் தட்டினாகன்னா என்ன நெனைப்பாக? நம்ம பக்கத்துல சுவரைத் தட்டினா கை வலிக்கணும் மதினி. இது என்ன, எலிக்கா வீடு கட்டுறீக?”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை. உனக்கு அப்போது பெண் யாரும் பார்த்திருக்கவில்லை. ஆனால் எந்த வீட்டார் வந்தாலும் கூடத்தில் காபி குடித்துவிட்டு, ‘மாடியப் பாக்கலாமா’ என்று ஏறுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானே எத்தனை வீட்டில் அப்படி ஏறியிருக்கிறேன். இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுச் சுவரும் இரண்டு முழம் கனம். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் வந்து, அப்பன் இல்லாத பையன், வீட்டுச் சுவரும் பொக்கை என்று போய்விடுவார்களோ என்று பயந்தேன். மறுநாள் காலையில் கருப்பையா கொத்தனார் வேலைக்கு வந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“அண்ணே, மாடி ரூமு மேக்குச் சுவரை மட்டும் உள்ள நெரப்பிருங்க. தம்பிக்குத் தெரிய வேண்டாம்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நானும் அதைத்தான்ம்மா நெனைச்சுக்கிட்டு இருந்தேன். பொக்கைச் சுவரு கட்டுனவன்னு நாளைக்கு எம் பேருதான கெடும். தம்பி படிச்ச புள்ள, நான் என்னத்தச் சொல்ல? நீங்க சொல்லிட்டீக, போதும்.”

உடைந்த செங்கல்லும் கலவையுமாகப் போட்டு ஒன்றரை நாளில் இட்டு நிரப்பினார். நீ ஊரிலிருந்து வருவதற்குள் அதற்கு மேலே வரிசை ஏறி, உட்புறம் பூச்சும் முடிந்துவிட்டது. நீ வந்து சுவரைத் தடவிப் பார்த்து, ‘அண்ணே, ரொம்ப நேர்த்தியாக் கட்டியிருக்கீங்க’ என்று அவரைப் பாராட்டினாய். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

குடிவந்தது கார்த்திகையில். குளிர் காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. சான்றுக்காக ஒரு வருஷம் குடியிருந்து, மாதாமாதம் கரண்டு எவ்வளவு ஓடியது என்றும், ஒவ்வொரு அறையிலும் மாலை நான்கு மணிக்குச் சூடு எவ்வளவு என்றும் எழுதி வைக்க வேண்டும் என்றாய். என்னிடம் அந்த வேலையைக் கொடுத்தபோது, ‘உன்னை விட நம்பகமான ஆள் இந்த ஜில்லாவிலேயே கிடையாதும்மா’ என்று சொன்னாய். ஒவ்வொரு அறையிலும் ஒரு ஆணி அடித்து ஒரு வெப்பமானி மாட்டினாய். பங்குனி பிறந்தது. கீழே கூடத்தில் மத்தியானம் படுத்தால் போர்வை தேடுகிற மாதிரி குளுமை. முத்து, நீ சொன்னது அத்தனையும் நிஜம். அந்தக் குளுமையை உடம்பில் உணர்ந்த பிறகுதான் எனக்கு உன் படிப்பின் மேல் நம்பிக்கை வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்ததும் அடுப்படிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. மற்ற மூன்று சுவரும் சும்மா இருந்தன. மேற்குச் சுவரில் கை வைக்க முடியவில்லை.

அப்போதே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு சுவரோடு போயிருக்கும். ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கைநிறையச் சம்பளம் வந்த வேலையை விட்டுவிட்டு வந்தவன். இது அவன் பெயரில் நிற்கிற முதல் வீடு. இதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றால் ஒருத்தர் கூட அடுத்த வீட்டைக் கொடுக்க மாட்டார்கள். என்னால் கெட்டது, நானே தாங்கிக்கொள்கிறேன் என்று நினைத்தேன். அம்மாக்களுக்கு இந்தத் தாங்கிக்கொள்கிற புத்தி பெரிய நோய். யாருக்காகத் தாங்குகிறோமோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

எது எவ்வளவு கரண்டு தின்னும் என்று என்னை விட யாருக்குத் தெரியும்? மாடி அறை ஏசியின் பிளக்கைக் கூடச் சொருகவில்லை. மாவை வெளியே வாங்கினேன். இஸ்திரியை வெளியே கொடுத்தேன். கூடத்து ஃபேன் கூட ஓடக் கூடாது என்று, சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போய், ஏசி போட்ட ஒரு துணிக்கடையில் மூன்று மணி வரை உட்கார்ந்துகொள்வேன். என்ன எடுக்கணும்மா என்று அந்தப் பெண்கள் கேட்டால், ‘மகனுக்குக் கல்யாணம், முகூர்த்தப் பட்டு பாக்கணும்’ என்பேன். பெண்ணே பார்க்காத கல்யாணத்துக்கு ஒரு கோடை முழுக்கப் பட்டுப் புடவை பார்த்தவள் உன் அம்மா. பாவம், விரித்து விரித்துக் காட்டுவார்கள். கடைசியில் ஒரு பெண், ‘அம்மா, பொண்ணு என்ன நிறம்னு சொன்னீகன்னா சுருக்கா எடுத்துறலாம்’ என்றாள். நான் மாநிறம் என்று சொல்லிவைத்தேன். கோயம்புத்தூரில் ஒரு கட்டட வேலையை ஒப்புக்கொண்ட பிறகு நீ சனிக்கிழமை மட்டும் வருவாய். மாடியில் படுக்கிறேன் என்று நீ தலையணையைத் தூக்கினால், ‘மேலே வடகம் காயுதுய்யா, கீழேயே படு’ என்பேன். வீட்டுக்குள்ளே எதற்கு வடகம் காயப்போடுகிறாய், மொட்டைமாடி இல்லையா என்று நீ ஒரு தடவை கேட்டாய். காக்கா கொத்துது என்றேன். உண்மையில் அந்த அறைக்குள் வடகம் ஒரே நாளில் காய்ந்தது.

இதுவரைக்கும் சொன்னதைக் கூட ஒரு கிழவியின் சிக்கனம் என்று நீ மன்னித்துவிடுவாய். அடுத்ததைத்தான் எழுத எனக்குக் கை வரவில்லை. மாடி அறை வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு வந்து கீழே கூடத்தில், காலண்டருக்குப் பின்னால் மாட்டினேன். ஒவ்வொரு நாளும் நாலு மணிக்குக் காலண்டரை விலக்கி, அது காட்டிய எண்ணை அப்படியே மாடி அறைக்கான கட்டத்தில் எழுதினேன். ஒரு எண்ணைக் கூடக் கற்பனையாக எழுதவில்லை. கருவி காட்டியதைத்தான் எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ வருகிற சனிக்கிழமை காலையில் மட்டும் மேலே கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிடுவேன். உன் பெரிய மாமா கொக்கி போட்டார், ஆனால் போடவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை. அந்த அளவுக்கு அவர் என்னை விட யோக்கியம்.

சான்று கொடுக்கிற இடத்திலிருந்து ஒரு பெண் ஆய்வுக்கு வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? கார்த்திகைக் கடைசி, வானம் மூடியிருந்த நாள். நோட்டை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு அறையாகப் போனாள். என் கையெழுத்தைப் பார்த்து, ‘இவ்வளவு சுத்தமா யாரும் எழுதித் தந்ததில்லைம்மா’ என்றாள். அப்புறம் கேட்டாள், ‘இந்த வீட்ல இருக்கிறது உங்களுக்கு எப்படி இருக்கு? வெயில் காலத்துல மாடி ரூம்ல படுக்க முடிஞ்சுதா?’ நீ அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கப் போனபோது இருந்த அதே முகம். ‘ஏசியே போடலம்மா, தேவையே படல’ என்றேன். ஏசி போடவில்லை என்பது சத்தியம். நீ என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன். இன்னொன்று சொல்கிறேன், நாளைக்கு நீயும் இந்த மாதிரி ஆய்வுக்குப் போவாய். கட்டினவனை வெளியே நிறுத்திவிட்டு, குடியிருக்கிறவரிடம் தனியாகப் பேசு. பெற்ற பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது எந்தத் தாயிடமும் உண்மை வாங்க முடியாது.

சான்று தாள் ஒன்பது மாதம் இழுத்தடித்துப் போன மாதம்தான் வந்தது. நீ அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினாய். அடுத்த வாரம் உனக்குப் பேசியிருந்த மீனாவின் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். நான் இரண்டு வருஷமாகப் பயந்த நாள். அவள் அப்பா மாடி ஏறினார், கட்டிலில் உட்கார்ந்தார், ஜன்னல் வழியாகத் தென்னையைப் பார்த்து, என்ன ரகம் என்று கேட்டார். சுவரைத் தட்டவே இல்லை. சுவர் என்று ஒன்று இருப்பதையே அவர் கவனிக்கவில்லை. எல்லாரும் இறங்கின பிறகு மீனா மட்டும் நின்றாள். சிவகங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண். காய்ச்சல் பார்க்கிற மாதிரி புறங்கையை மேற்குச் சுவரில் வைத்தாள். அப்புறம் தெற்குச் சுவரில் வைத்தாள். மறுபடியும் மேற்கில்.

“அத்தை, இது மட்டும் ஏன் இப்படிச் சுடுது?”

“மேக்கு வெயிலும்மா.”

“அதுக்குத்தான் இந்தச் சுவருன்னு அவுக சொன்னாகளே.”

நான் ஜன்னல் கதவைச் சாத்தினேன். அவளும் வற்புறுத்தவில்லை. உன்னிடம் அவள் இதைச் சொல்லியிருக்க மாட்டாள், எனக்காகப் பொறுத்திருப்பாள். முத்து, அந்தப் பெண் ஏதாவது கேட்டால் காதை நன்றாகத் திறந்து வைத்துக்கொள். அவள் ஒரே கையில் கண்டுபிடித்ததை உன் நோட்டும் என் ரீடிங்கும் ஒரு வருஷமாக மறைத்திருந்தன. தை மாதம் அவள் அந்த அறைக்குத்தான் குடிவரப் போகிறாள்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். போன வாரம் கருப்பையா கொத்தனார் தன் பேத்தி சடங்குக்கு அழைக்க வந்தார். தாம்பூலத் தட்டை நீட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சந்தோஷமாகச் சொன்னார்.

“கண்டரமாணிக்கத்துலயும் நம்ம வீட்டுல செஞ்ச மாதிரியே மேக்குச் சுவரை நெரப்பிப்புட்டேன்ம்மா. ரெண்டு வீடு முடிஞ்சிருச்சு. தம்பி வர்ற அன்னைக்கு மேல ரெண்டு வரிசையை மூடிருவேன், தெரியாது.”

“ஏண்ணே அப்படிச் செஞ்சீக? யாரு சொன்னா?”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “நீங்கதானம்மா சொன்னீக. நெரப்புன வீட்டுக்கே சர்டிபிகேட் குடுத்துட்டாகளே. அப்ப நெரப்புனா ஒண்ணும் கெட்டுப்போகாதுன்னு தான அர்த்தம்? சுவரும் உறுதி, சர்டிபிகேட்டும் உறுதி.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தப்பு இல்லை. என் நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நான் பொய் சொன்னது ஒரு சுவருக்கு என்று நினைத்தேன். அந்தப் பொய்க்கு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள், இனிமேல் அதைக் காட்டி எத்தனை சுவரை வேண்டுமானாலும் நிரப்பலாம்.

நேற்று முன்தினம் பஸ் ஏறிக் கண்டரமாணிக்கத்துக்குப் போனேன். கையில் குடையும் தண்ணீர்ப் பாட்டிலும். இரண்டு வீட்டு மேற்குச் சுவரையும் தட்டினேன், கை வலித்தது. மூன்றாவது வீட்டில் தட்டினேன், பொக்கையாகச் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு இதமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. நிரப்பின இரண்டில் முதல் வீட்டில் ஒரு அம்மா கட்டில் போட இடம் அளந்து பார்த்துக்கொண்டு நின்றாள், என்னை விடப் பத்து வயது இளையவள். யார் என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க மகனை நம்பித்தாங்க்கா இறங்கியிருக்கோம். எங்க ஐயாவுக்குப் பக்கவாதம், படுத்த படுக்கைதான். பேச்சும் வராது. ஒரு ரூமு அவுகளுக்குன்னே கட்டுறோம். வெயில் காலத்துல தகரக் கொட்டகைல கெடந்து துடிச்சுப்போறாக. நீங்க ஒரு வருசம் இருந்து பாத்து எழுதிக் குடுத்தீகளாமே. உங்க வீட்டுக் கணக்கை உங்க மகன் காட்டினாரு. அதைப் பாத்துத்தான் எங்களுக்கு மனசு வந்துச்சு.”

எந்த ரூம் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கேட்டேன். மேற்குப் பக்கத்தைக் காட்டினாள். முத்து, சூடு தாங்காதபோது நான் கூடத்துக்கு இறங்கினேன், பஸ் ஏறித் துணிக்கடைக்குப் போனேன். அந்த மனுஷரால் புரண்டு படுக்கக் கூட முடியாது. சுடுகிறது என்று சொல்ல வாயும் கிடையாது. அவருக்கு அந்த அறையைக் கொடுத்தது என் கையெழுத்து. நான் அந்த அம்மாவிடமே அங்கேயே சொல்லிவிட்டேன். ‘அந்தக் கணக்கு சரியில்லம்மா, நான் தப்பா எழுதிப்புட்டேன், இந்தச் சுவரை இடிச்சுத்தான் கட்டணும்’ என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டாள். ‘உங்க மகனுக்குத் தெரியுமா?’ என்று மட்டும் கேட்டாள். இன்னும் தெரியாது என்றேன். கருப்பையா அண்ணனிடம், சனிக்கிழமை நீ வருகிற வரை பூச்சுக் கலவை போடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர் முகம் சுருங்கிப்போய்விட்டது. அவரைத் திட்டாதே. நீ அவரிடம் எப்படிக் கட்டுவது என்று சொன்னாய், எதற்காக என்று சொன்னாயா? எனக்கு ஹாட்பாக்ஸைக் காட்டினாய், அவருக்குக் காட்டவில்லை. நம் கூடத்தில் ஒரு மத்தியானமும் மாடி அறையில் ஒரு சாயங்காலமும் அவரைப் படுக்க வை. அப்புறம் நீ சொல்லவே வேண்டாம், யாராவது நிரப்பச் சொன்னால் அவரே சண்டைக்குப் போவார்.

சான்றைத் திருப்பிக் கொடுத்துவிடு. எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன், அந்த ஆய்வுக்கு வந்த பெண்ணிடம் நானே சொல்ல வேண்டும். அங்கே நிரப்பின இரண்டு சுவரையும் இடித்துக் கட்டு. நம் வீட்டுச் சுவரை என்ன செய்வது என்பது உன் படிப்பு. இடிப்பாயோ, வெளியே இன்னொரு அடுக்கு போடுவாயோ, தைக்கு முன்னால் செய். பன்னிரண்டு பேரில் சிலர் விலகிப் போகலாம். கோபம் வரும், என் மேலேயும் வரட்டும். காதுகுத்துக்கு மாமன் மடி இல்லாமல் போனதற்கு நீ ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அப்போது உண்மையை எழுதி உனக்கு ஒன்றை இல்லாமல் செய்தேன். இப்போது பொய்யை எழுதி உனக்கு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். எது உன்னை அதிகம் கஷ்டப்படுத்தப் போகிறது என்று எனக்குத் தெரிகிறது. மீனாவிடம் நீ எதையும் இப்படி ஒரு வருஷம் வைத்திருக்காதே. ஒரு நாளிலேயே சொல்லிவிடு. நாள் ஆக ஆக அது தானாகச் சுவர் எழுப்பிக்கொள்கிறது.

இதை நான் மாடி அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வடகத்தை எல்லாம் அள்ளிக் கீழே வைத்துவிட்டேன். வெப்பமானியைக் காலையிலேயே நீ அடித்த ஆணியில் மாட்டியாகிவிட்டது. புரட்டாசி வெயில் மேற்கே சாய்ந்திருக்கிறது. ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் புடவை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தாளில் இரண்டு இடத்தில் மை கலைந்திருப்பது வேர்வைதான், வேறு எதுவும் என்று நினைக்காதே. நாலு மணி வரை எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். இதோ ஆகிவிட்டது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மாடி அறை, மேற்குச் சுவர். முப்பத்தேழு.

எழுதிக்கிட்டியா?

அம்மா